உறுதிக்காரிகளின் ஒழுங்கை

ஆற்றங்கரை ஒழுங்கை,
வாழைச்சேனை.
24.08.2025

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அம்மன் காவலில் நானும் அம்மாவும் இங்கே சுகமாய் இருக்கிறோம், எனக்கு முழங்கால் நோவு மட்டும் வந்து வந்து போகுது, அதை ஒரு வருத்தம் என்று கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அங்கே நீயும் மருமகன் தேனுஜனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கி இருக்க வேண்டும் என்றுதான் விடிஞ்சால் பொழுதுபட்டால் நினைக்கிறது. போனில் கதைக்கிறதுதானே, பிறகென்ன இந்த மனிசன் கடிதம் எழுதுறார் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு சொல் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று அதைத் திருத்துவா, கடைசியில் கதை அவட கதையாய்ப் போகும். இது நான் நிதானமாய்ச் சொல்ல வேண்டிய விசயம், அவவைப் பற்றியும் இதுக்குள்ளே கிடக்கு. ஓட்டமாவடி லொறிக்காரன் இஷாம்ட தங்கச்சி ஹஸீனா அடுத்த கிழமை லண்டன் வாறா, அவட கையில் இதையும் ஒரு பொதி கூனிக் கருவாட்டையும் கொடுத்து விடுகிறேன்.

இந்தச் சிறுபோக நெல் அறுவடை பழுதில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தபடியால் அந்தப் பக்கத்து வயல் வட்டைகளில் நல்ல விளைச்சல், கந்தப்போடியார் தன்ட வயல் நெல்லை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் எனக்கென்று வைத்திருந்தார். லொறிகளுக்கு ஓய்வில்லை. நீ போகும்போது ஒரு லொறி, இப்போது மூன்று. சைக்கிளில் நெல் மூடை கட்டி மிதிச்சுத் தொடங்கினவனுக்கு வாசலில் மூன்று லொறி நிற்கிறது ஒரு பெருமைதானே, உனக்கு மறைக்க என்ன இருக்கு. வீட்டு வாசலில் தொடங்கி ஒழுங்கைத் தெரு வளையுற இடம் வரைக்கும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய் நிற்கும், காலையில் பல்லுத் தீட்டிக்கொண்டு அதைப் பார்க்கிறதுதான் எனக்குச் சாமி கும்பிடுற மாதிரி. ஆனால் மற்ற ஆட்களுக்கு அது எப்படி இருந்தது என்று இப்போதுதான் விளங்குது. பாரம் தாங்காமல் ஒழுங்கை வாய்க்காலுக்கு மேலே உள்ள மதகு வெடித்துப் போயிற்று. விடியக்காலையில் எஞ்சினைச் சூடாக்கினால் புகை முழுக்கப் பக்கத்து அடுப்படிகளுக்குள்ளே போகும். அதை விடப் பெரிசு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் லொறிக்கு இடையாலே திடீரென்று ஒழுங்கைக்குள் இறங்குதுகள், வாற மோட்டார் சைக்கிள்காரனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு அவன் தெரியாது. மாசி மாதம் நம்மட ஒழுங்கைச் சுதாகரன்ட சின்ன மகளை ஒருத்தன் தட்டிவிட்டுப் போனான், முழங்கை உரஞ்சினதோடு அம்மன் காப்பாற்றினா.

சீனிப்பிள்ளை மாமிட மகள் தர்சினியை உனக்கு நல்லாத் தெரியும். புருசன் கட்டாரில், அவள் வேன் ஒன்று எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குறாள், வேனையும் தானேதான் ஓட்டுறாள். நம்மட லொறிகள் நிற்கிற இடத்தில் வேனை நிப்பாட்டி, இறங்கி முன்னுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையாய்க் கையைப் பிடித்துக் கடத்திவிடுவாள். சின்னவள் விழுந்த அடுத்த நாள் நேரே நம்மட வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வாறாள் என்று நானும் தயாராய்த்தான் இருந்தேன். அவள் கதிரையில் இருந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, மாமா, லொறியை ஒழுங்கைக்குள்ள விடுறதால உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டாள். மகள், இத்தனை வருச வியாபாரத்தில் எதிராளி என்ட லாபத்தை விசாரிச்சு நான் கண்டதில்லை. நானும் ஆசையாய்ச் சொன்னேன், வெளியே விட்டால் பெட்டறியைக் கழற்றுவான், டீசலை இழுப்பான், இருட்டுக்குள்ளே தார்ப்பாயைக் களவெடுப்பான், சாரதிமாருக்கும் என் கண்ணுக்கு முன்னால் வந்து சாவியைத் தாறது லேசு என்று. எல்லாத்தையும் கேட்டுவிட்டு, சரி மாமா என்று எழும்பிப் போனாள். வாயடைச்சுப் போயிட்டாள் என்று உன் அம்மாவிடம் பெருமையாய்ச் சொன்னேன். அவ தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள்ளே போனா.

கொஞ்ச நாளில் பிரதேச சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. குடிமனை ஒழுங்கைகளில் வியாபார வாகனங்கள் நிறுத்துறதுக்கு ஒரு ஒழுங்கு விதி கொண்டுவரப் போறாங்களாம், அதுக்கு ஒரு கூட்டமாம். வாசிச்சுப் பார்த்தால் நான் அவளிடம் சொன்ன நோவுக்கெல்லாம் அதிலே மருந்து அரைச்சு வைத்திருக்கு. சந்தைக்குப் பின்னால் சும்மா கிடக்கிற சபை வளவை வாகனத் தரிப்பிடமாக்குறது, சுற்றிவர வேலி, பெரிய வெளிச்சம், ஒரு காவல்காரர், சாவி வைக்க ஒரு சின்ன அறை. பிறகுதான் இஷாம் சிரிச்சுக்கொண்டு சொன்னான், அண்ணன், அந்தப் புள்ள நம்மட பக்கம் வந்து நாங்க லொறியெல்லாம் ஒரே வளவுக்குள்ள விடுறதைப் பார்த்துக் கேட்டு விசாரிச்சிட்டுத்தான் சபைக்கே போனது என்று. நெல்லை ஏற்றுறதுக்கு முதல் வாங்குறவனைப் பிடித்து வைக்க வேண்டும், இது நான் பட்டுத் தெளிஞ்ச பாடம், அவள் அதை ஒருவரிடமும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறாள். லொறியை எடுங்க என்று கத்துறவன் ஊருக்குள் நூறு பேர் இருப்பான், எடுத்த லொறி எங்கே நிற்கும் என்று யோசிச்சவள் இவள் ஒருத்திதான்.

ஆனால் நானும் லேசில் விடுற ஆளா. ஒழுங்கையில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரையும் சந்திக் கடைக்குக் கூப்பிட்டு வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். கோயில் பந்தல் சாமான் ஏற்றினது ஆரு, வீடு கட்டக் கல்லும் மண்ணும் இறக்கினது ஆரு என்று நினைவுபடுத்தினேன். அண்ணன்ட லொறி நிற்கட்டும், நாங்கள் கை தூக்குறோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னாங்கள். மகள் விழுந்து எழும்பின சுதாகரனும் சொன்னான், அந்த வடையின் மகிமையைப் பார். கூட்டத்தில் நான்தான் முதலில் எழும்பினேன். லொறி மட்டுந்தான் வியாபார வாகனமா, காசு வாங்கிக்கொண்டு ஹயருக்கு ஓடுற வேன் என்ன கோயில் தேரா என்று கேட்டேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு, தர்சினியின் தொண்டையில் முள் ஏற்றிவிட்டேன் என்று நினைச்சேன். அவள் எழும்பி, ஓம் மாமா, என்ட வேனையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கன், நீங்க கடைசி வரைக்கும் வாசிக்கல்ல போல என்றாள். அதே ஆட்கள்தான், அதே சிரிப்புத்தான், இந்த முறை என் பக்கம் திரும்பிச்சுது.

அதுக்குப் பிறகுதான் நடக்க வேண்டியது நடந்தது. சபை உத்தியோகத்தர் எழும்பி, ஒழுங்கையில் காணி உள்ள ஆட்கள் மட்டும் கை தூக்குங்க, இந்த ஒழுங்கு வேண்டாம் என்கிறவங்க முதலில் என்றார். நம்மட ஆம்பிளைகள் எல்லாரும் கை தூக்கினாங்கள், பார்க்க வலு சந்தோசமாய் இருந்தது. அந்த மனிசன் அமைதியாய், குடியிருக்கிறவங்க இல்லை, காணி உறுதிப் பத்திரத்தில் பேர் உள்ளவங்க என்றார். மகள், நம்மட ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா. வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாய்ப் போறது, ஆம்பிளைகள் நாங்கள் கலியாணம் முடிச்சு வந்து குடியேறினவங்கள். ஆனால் கூட்டம் என்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் என்று புறப்படுறது நாங்கள்தான், உறுதி மனிசிட அலுமாரிக்குள்ளே கிடக்கும். அத்தனை ஆட்களுக்கு வடை வாங்கிக் கொடுத்த எனக்கு இது ஒரு கணமும் மூளைக்கு வரவில்லை. தூக்கின கைகள் ஒவ்வொன்றாய் இறங்கிச்சுது. சுதாகரன் தூக்கின கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிஞ்சான். நான் மட்டும் இறக்காமல், பக்கத்து வளவு என் மகளுடையது, அவளுக்காக நான் தூக்குறேன் என்றேன். பின் வரிசை வாங்கிலிருந்து தர்சினியின் குரல், கம்சாயினி மச்சாளிட்டக் கேட்டீங்களா மாமா என்று. அதோடு என் கையும் இறங்கிற்று. பிறகு ஒழுங்கு வேண்டும் என்கிறவங்க என்று கேட்டார். அந்தப் பின் வரிசை முழுக்க நம்மட பெண்கள், சீனிப்பிள்ளை மாமியிலிருந்து சுதாகரன்ட மனிசி வரை எல்லாரும் கை தூக்கினாங்க. நடுவில் உன் அம்மா அன்னப்பூரணி, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கையை நேரே தூக்கிக்கொண்டு இருந்தா.

வீட்டுக்கு வாற வழியில், எனக்கு எதிராய்க் கை தூக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். இத்தனை வருசமா என்ட அடுப்படிக்குள்ள உங்கட லொறிப் புகை, ஒரு நாளாவது என்னட்டக் கேட்டீங்களா, சபைக்காரங்க கேட்டாங்க, நான் சொன்னன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, இரவைக்குப் புட்டா இடியப்பமா என்று கேட்டா. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தை விட, இந்த மனிசிக்கு இவ்வளவு துணிவு இருக்கென்று தெரியாமல் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்று ஆச்சரியந்தான் கூட.

சந்தை வளவுக்கு வேலியும் வெளிச்சமும் போட்டு, ஆடி மாதம் தொடக்கம் ஒழுங்கு அமுலுக்கு வந்தது. முதல் நாள் முதல் வாகனமாய் வளவுக்குள் போனது தர்சினியின் வேன். பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இரண்டு நாளைக்கு நடப்பாள், பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி வேனை வீட்டுக்குக் கொண்டுவருவாள், அப்போது பிடிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். இன்று வரைக்கும் நடக்கிறாள். தனக்கொரு சட்டம் மற்றவனுக்கொரு சட்டம் என்கிற பேச்சே அவளிடம் கிடையாது. எனக்கும் ஒரு நன்மை நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா லொறியும் ஒரு இடத்தில் நிற்கிறபடியால் ஆருக்கு எந்தப் பக்கம் ஹயர் என்று சாரதிமார் ஒருவருக்கொருவர் கதைக்கிறாங்கள், பொலன்னறுவைக்குப் போற நம்மட லொறி முந்தி வெறுமையாய்த் திரும்பும், இப்போது இஷாம்ட சாமானோ வேறு ஒருவர்ட சாமானோ ஏற்றிக்கொண்டு வருது. முறுமுறுத்துக்கொண்டு திரிஞ்ச சாரதி நிலோஜனே இப்போது வாய் திறக்கிறதில்லை. இப்படி மூளை உள்ள பிள்ளையை விடக்கூடாது என்று, என் வியாபாரத்தைப் பார்க்க வா, நல்ல இடம் தாறேன் என்று தர்சினியைக் கூப்பிட்டேன். அவள் சிரிச்சுப்போட்டு, உங்கட லொறியில நானும் ஏறினா பிறகு உங்களை மறிக்கிறதுக்கு ஆரு மாமா இருக்கு என்றாள்.

இனித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது. சபையின் ஒழுங்கில் ஒரு வழி திறந்து கிடக்கு. ஒழுங்கையில்தான் நிறுத்தக்கூடாது, உறுதிக்காரர் சம்மதம் எழுதித் தந்தால் அவங்கட வளவுக்குள் நிறுத்தலாம். உன் வளவு வெறுமையாய்த்தான் கிடக்கு, வேலியைப் பிரித்தால் மூன்று லொறியும் தாராளமாய் நிற்கும், நீ ஒரு வரி எழுதினால் போதும். இப்போது எனக்கு அது தேவையில்லை. ஆனால் சந்தை வளவு பள்ளமான நிலம், கிறவல் மண் போடுறோம் என்று சபை சொல்லுது, போட்ட பிறகுதான் நம்புவேன். கார்த்திகை மாரி மழை தொடங்கி ரயர் சேற்றில் இறங்கினால் என் புத்தி நேரே உன் வளவுக்குத்தான் ஓடும், என்னை எனக்குத் தெரியும். அப்போது போன் எடுத்துத் தேனாய்க் கதைப்பேன், ஒரு மாதத்துக்கு மட்டும் மகள் என்பேன், அப்பா கஷ்டப்பட்டு வாங்கித் தந்த வளவுதானே என்றும் சொல்லுவேன். வியாபாரிட மனம் வானம் இருட்டினால் மாறும். ஒருக்கால் லொறி உள்ளே போனால், பிள்ளைகள் திரும்பவும் அந்த வாசலில் லொறி திரும்புற இடத்துக்குள்ளாலேதான் பள்ளிக்கூடம் போகும், தர்சினி திரும்பவும் இறங்கி நின்று கையைப் பிடித்துக் கடத்த வேண்டும்.

அதனாலே இந்தக் கடிதத்துக்கு நீ எழுதுற பதிலில், அப்பா, என்ட வளவுக்குள் லொறி விடச் சம்மதமில்லை என்று தெளிவாய் எழுதி, பெயர் வைத்து, ஹஸீனா திரும்பி வரும்போது கொடுத்து விடு. பிள்ளையிடம் வேண்டாம் என்ற சொல்லை எழுதிக் கேட்கிற தகப்பன் நானாய்த்தான் இருப்பேன், இருக்கட்டும். அது கையில் இருந்தால் மழை வாறதுக்கு முதல் நான் வேறு வழி பார்ப்பேன், நம்மட லொறியாலேயே கிறவல் இழுத்து அந்தப் பள்ளத்தை நிரப்புவேன், இஷாமும் வாறேன் என்று சொல்லியிருக்கிறான். அது இல்லாவிட்டால் நான் உன் வேலியைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

மருமகனுக்கு நாங்கள் சுகம் விசாரிச்சதாய்ச் சொல்லு, பேத்தியைத் தமிழில் பேச வை, கூனியைக் கழுவி வெயிலில் ஒருக்கால் காயப்போட்டுச் சமை. நம்மட குடியும் குலதெய்வமும் உன் பக்கம் நிற்கும், நீ எடுத்த காரியம் எல்லாம் விளையும், கைநிறைய மனநிறைய வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் மறுத்து எழுது. நான் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் எழுதினதை மாற்றாதே.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்காமல் கை தூக்கிய அப்பா,
க. வினாயகமூர்த்தி