சப்பரச் சாவி கைமாறிய ஞாயிறு

அக்டோபர் 26, ஞாயிறு.

காலைப் பூசையில் புதுச் சாமியார் மலாக்கியாஸ் என்ற அயர்லாந்துப் புனிதரின் கதையைச் சொன்னார். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வைத்திருந்த திருச்சபைப் பதவியை அவர் மீட்டாராம். அதற்காக அவரைக் கொல்லப் பார்த்தார்களாம். பிற்பாடு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று இறப்பேன் என்று முன்கூட்டியே சொல்லி, அதே நாளில் இறந்துபோனாராம்.

பூசை முடிந்ததும் சாமியார் என் கணவரிடம் திருவிழாத் தேரான சப்பரம் நிற்கும் கொட்டகையின் சாவியைக் கேட்டார். நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில் இருக்கும் சாவி. பெரிய சண்டை வரும் என்று பயந்தேன். இவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது கொழுந்தனார் கொதித்தார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எந்த நாள்னு சாமியே சொல்லிட்டாகள்ல. நாம எதுக்கு அவசரப்படணும்?"

கொழுந்தனார் அண்ணன் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

கல்லறைத் திருநாள் அடுத்த ஞாயிறு. சாயங்காலம் இவர் திராட்சைத் தோட்டத்துக்குப் போனதும் சாமியாருக்கு போன் செய்தேன்.

"சாமி, அன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியா வராதீக."

"ஏம்மா, என்ன விஷயம்?"

இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

"அங்கன பாம்பு நடமாட்டமா இருக்கு சாமி."

"அவ்வளவுதானா? பூட்ஸ் போட்டுட்டு வர்றேம்மா" என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டார்.

இவர் உள்ளே அயர்ந்து தூங்குகிறார்.