நான் வைத்த பெயர்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நூலகத்தில் குனிந்து ஒரு புத்தகக் கட்டைத் தூக்கினேன், நிமிர முடியவில்லை. எலும்பில் கோளாறில்லை, படுத்தே கிடக்காமல் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். பயிற்சி சொல்லித்தரும் பெண் பாயை விரித்து, "முழங்காலை மடக்கி நெஞ்சுகிட்ட கொண்டுவாங்கம்மா" என்றாள்.

இடுப்புவலி என்று நீங்கள் கூடத்தில் பாய்போட்டு உருண்டு உருண்டு செய்தது அப்படியே அதுதான். பன்னிரண்டு வருஷம் முன்பு, "உருளை ராணி எழுந்தாச்சா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். பிறகு வீடே அப்படிக் கூப்பிட்டது. வேலைக்குப் பயந்து நடிக்கிறீர்கள் என்று அம்மாவிடமும் சொன்னேன்.

பாயில் படுத்தபடியே முகத்தை மூடிக்கொண்டேன். வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

உங்களிடம் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. எத்தனை நாளில் உங்களுக்குக் குறைந்தது?

உங்கள் சின்னு

ஜூன் 13

சின்னுவுக்கு,

ஒவ்வொரு காலாக மடக்கு. பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்து, இடுப்பை மெதுவாகத் தூக்கி, மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணி இறக்கு. தினமும் நட. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். வலி போனதும் விட்டுவிடாதே. திரும்ப வராமலிருக்கவும் இதுதான் வழி.

ஆறு வாரத்தில் எனக்குப் பாதி குறைந்திருந்தது. அப்போதுதான் விருந்தாளிகள் முன்னால் என் மகளும் அந்தப் பெயரைச் சொன்னாள். அன்றோடு பயிற்சியை நிறுத்தினேன். மருந்துக்கடையில் நிற்க முடியாமல்தான் வேலையை விட்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத வரவில்லை.

அண்ணி

ஜூன் 20

அன்புள்ள அண்ணி,

வேலையை விட்டபோது உங்களைச் சுகவாசி என்றவளும் நான்தான். நேற்று அண்ணனுக்கும் உங்கள் மகளுக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அம்மா ஒரு வார்த்தை சொல்லலையே அத்தை" என்று அவள் அழுதாள். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று இப்போது உறுத்துகிறது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? சேர்ந்து செய்யலாம்.

சின்னு

ஜூன் 27

சின்னு,

கேட்காமல் சொன்னது தப்புதான். உன் அண்ணன் இப்போது ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க விடுவதில்லை; அது வேறு தொல்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. உன் எதிரில் தரையில் படுக்க எனக்கு இன்னும் கூசுகிறது. தனியாகத் தொடங்கியிருக்கிறேன், காலையில் ஐந்து நிமிஷம். நீ அங்கேயே செய்.

அண்ணி