குல்லா எடுக்காத டிசம்பர்

கர்த்தருக்குள் பிரியமான மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் பேரைச் சொல்லித்தான் ஆமென் போடுகிறோம். சுகம் என்று எழுதும்போதே கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது, அந்த ஒரு வார்த்தையால்தான் இந்த வருஷம் நம் வீட்டில் இத்தனை கூத்தும். வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் மணி அடித்ததும் உன் அப்பா எங்கிருந்தாலும் வந்து என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைப் பேச. தன் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்திருந்த உன் பெரியம்மா மகன் ஜாஸ்பர் திங்கட்கிழமை ஜெர்மனிக்குத் திரும்புகிறான், கருப்பட்டிப் பொட்டலத்தோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே குளிர்காலம் வரவே இல்லை மகளே. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்து கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, இப்போது தையும் முடியப் போகிறது. மழை நின்றதும் விடியற்காலையில் வாய்க்கால் பக்கம் எதிரே வருகிற ஆள் தெரியாமல் பனி இறங்குமே, கொடியில் கிடக்கிற துணி நனைந்து கனக்குமே, இந்த வருஷம் ஒரு நாள்கூட இல்லை. டிசம்பரில் ஃபேனை நிறுத்தாமல் தூங்கினோம் என்றால் நம்புவாயா. கேரல் ரவுண்ட்ஸ் வந்த அன்று கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஞானசிகாமணி அண்ணன் நம் வாசலுக்கு வருவதற்குள் வேர்த்துத் தெப்பமாக நனைந்துவிட்டார், தாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார், கூட வந்த சின்னப் பிள்ளைகள் தாடியில்லாத தாத்தாவைப் பார்த்து ஒரே அழுகை. பின்வாசல் மாமரம் இந்நேரம் பூத்து நிற்க வேண்டியது, பூக்க வேண்டிய கொப்பிலெல்லாம் சிவப்பாகத் தளிர் விட்டுக்கொண்டு நிற்கிறது. முருங்கையோ முந்திக்கொண்டு பூத்துக் கொட்டியும் விட்டது. மரத்துக்கே இது எந்த மாசம் என்று தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எதற்கு எழும்பினோம் என்று மறந்துபோகிறது. உங்கள் ஊரிலும் இந்தத் தடவை பனிக்கட்டி சரியாக விழவில்லை என்றாயே, உலகத்துக்கே என்ன ஆயிற்றோ.

குளிர் வராததால் அப்பாவுக்கு இளைப்பும் வரவில்லை. வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் அவர் படுகிற பாடு உனக்குத் தெரியும், நெஞ்சு விசிலடிக்கும், அந்தப் பழுப்புக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆவி மருந்து மெஷினை மூக்கில் வைத்தபடி குனிந்தே உட்கார்ந்திருப்பார். நீயும் அந்தச் சமயம் பார்த்துத்தான் லீவு போட்டு வந்து கூட இருப்பாய். இந்த வருஷம் குல்லா பீரோவை விட்டு இறங்கவில்லை, மெஷின் மேல் நான் போட்ட துண்டு போட்டபடியே கிடக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கோ கோழி கூப்பிடுமுன்னே முழிப்பு வந்துவிடுகிறது, விசில் சத்தம் கேட்கவில்லையே என்று அவர் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். அவர் கையைத் தட்டிவிட்டு, ஏட்டி கிரேஸ், உசிரோடதான் கெடக்கேன், பேசாம படு என்கிறார். பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி ஒருநாள், அண்ணாச்சி இந்த வருசம் நல்லா நடமாடுதாவளே, கண்ணு பட்டுரும், மொளகாவத்தலும் உப்பும் சுத்திப் போடுங்க என்று சொன்னாள். கோவில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருந்துகொண்டு நான் அதையெல்லாம் செய்யலாமா. செய்தேன். பாஸ்டரய்யா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

நவம்பர் கடைசியில் நீ போன் பண்ணி, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாய் அல்லவா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, இந்த வருஷம் மெஷினையே தொடவில்லை என்று பெருமையடித்துவிட்டேன். உடனே நீ, அப்பாடா, கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கைப்பிள்ளைகள் இருக்கின்றன, கிறிஸ்துமஸ் லீவை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், அப்பாவுக்கு முடியாமல் ஆனால் ஓடி வந்துவிடுகிறேன் என்றாய். அப்பாவும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஆமா மக்கா, அலையாத, எனக்கென்ன என்றார். நீ போனை வைத்ததும் தட்டில் இருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனவர்தான், இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. அப்புறம் அவராகவே வாயைத் திறந்தார், நீ எதுக்குட்டி முந்திக்கிட்டு நல்லா இருக்காருன்னு சொன்ன, நான் ரெண்டு இருமு இருமிக் காட்டியிருப்பேம்லா என்றார். எனக்குச் சிரிப்பாணி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் வயலில் புகையான் பூச்சி விழுந்துவிட்டது. பிசான நெல் கதிர் வெளிவருகிற நேரம். பனி இல்லாமல் ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டமாம், தூரில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, வட்டம் வட்டமாகத் தீய்ந்த மாதிரி பயிர் காய்கிறது. அப்பாவின் நெஞ்சைத் தொடாமல் விட்ட இந்த வெக்கைதான் அவர் நெல்லைத் தின்கிறது, நான் எதற்கென்று ஸ்தோத்திரம் சொல்ல. தண்ணீரை வடித்துவிட்டு மருந்து அடிக்க வேண்டும். நமக்கு எப்போதும் மருந்தடிக்கிற கொம்பையாவுக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை, எல்லார் வயலும் ஒரே நிலைமை, வியாழக்கிழமை வருகிறேன் என்றான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, நானே அடிக்கிறேன் என்று ஸ்பிரேயரைப் பரணிலிருந்து இறக்கினார். பூச்சிமருந்து வாடை பட்டாலே ஆகாது, அந்தப் பக்கமே போகக் கூடாது என்று பாளையங்கோட்டை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது உனக்கும் தெரியும். நான் மருந்து பீச்சுகிற குழாயைக் கழற்றிக் காலியாகக் கிடக்கிற கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைத்தேன், பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. மறுநாள் காலையில் நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம், இசக்கிச்செல்வி வீட்டு ஸ்பிரேயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பால் செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நான் போகும்போது பாதி வரிசை அடித்திருப்பார். முதுகில் ஸ்பிரேயர், துண்டு தோளில் கிடக்கிறது, அதை மூக்கில் கட்டவில்லை. துண்டையாவது கட்டுங்க, இளைப்பு வந்துரும் என்று வரப்பில் நின்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்தா வரட்டும், அதுக்காவது புள்ள வருவால்லா என்றார். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நெல் போகிறதே என்ற தவிப்பில் வந்தார் என்றுதானே அதுவரை நினைத்தேன். கோபம் அவர் மேல் வந்ததா, உன் மேல் வந்ததா, என் வாயின் மேல் வந்ததா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நல்லவேளை, இசக்கிச்செல்வி கொம்பையாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள், அவன் பைக்கை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, தாங்க அண்ணாச்சி, நான் அடிக்கேன் என்று முதுகிலிருந்து கழற்றினான். அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையைக் கழற்றக் கொடுக்கிற மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் நாலைந்து இருமல் வந்தது. நான் ஓடிப்போய் மெஷினை எடுத்து மருந்தை ஊற்றினேன். அவர் முகத்தில் பயமே இல்லை மகளே, ஒரு தெளிச்சிதான் இருந்தது. கெசியாட்ட சொல்லிட்டியா என்று கேட்டார், இல்லை என்றேன், சொல்லு, ஆனா பயங்காட்டாத, பைய சொல்லு என்றார். காலையில் எழும்பினால் இருமலும் இல்லை ஒன்றும் இல்லை, அது அவருக்கு ஒரு வருத்தம். இப்போதும் விடிந்ததும் வாசலில் போய் நின்று பனி இறங்குகிறதா என்று பார்க்கிறார், நான் பின்னாலேயே போய் அவரைப் பார்க்கிறேன். இனி எங்கே பனி, வெயில்தான் வரும். வயலை நினைத்துக் கவலைப்படாதே, கொம்பையா அடித்த மருந்தில் பூச்சி மட்டுப்பட்டிருக்கிறது, காய்ந்தது போக மிச்சம் தேறிவிடும்.

நீ போய் எட்டு வருஷம். இந்த டிசம்பர் தவிர ஒவ்வொரு டிசம்பரும் வந்தாய், வேறு மாசத்தில் வந்ததே இல்லை. நான் வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது, நீ இத்தனை வருஷமாக வந்து பார்த்ததெல்லாம் குல்லாவும் போர்வையுமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிற அப்பாவைத்தான். நீ திரும்பிப் போனபிறகு மாசி வெயில் ஏற ஏற ஆள் நிமிர்ந்துவிடுவது உனக்கு மறந்தே போயிருக்கும். அறுப்பு மெஷின்காரனோடு களத்தில் நின்று சத்தம் போடுவதும், ஈஸ்டர் முடிந்து நம் கோவில் அசனத்தில் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக நடந்து, போதும் என்று இலையை மறைக்கிறவர்களின் கையிலேயே ஊற்றப்போவது மாதிரி மிரட்டிச் சிரிப்பதும் நீ பார்த்து எட்டு வருஷம் ஆயிற்று. சுகமில்லை என்றால் ஓடி வருவது உன் நல்ல குணம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுகமாக இருக்கிற அப்பாவுக்கும் மகள் வேண்டும் கெசியா. அந்த மனுஷன் உன்னைப் பார்க்க நோயை வரவழைக்கிற நிலைமைக்கு நாம் விடக் கூடாது. இந்த வருஷம் அசனத்துக்கு வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா.

கருப்பட்டி உடன்குடிச் சரக்கு, காற்றுப் படாமல் மூடி வை. சுக்கும் நல்லமிளகும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறேன். குளிர் குறைவு என்று தலையில் ஒன்றும் போடாமல் வேலைக்குப் போகாதே, அப்பாவின் நெஞ்சுதானே உனக்கும் வந்திருக்கும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். போகும் வழியிலும் வரும் வழியிலும் கர்த்தர் உங்கள் இருவர் கூடவே இருப்பாராக. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது வழக்கம்போல அப்பா எப்படி இருக்கீங்க என்று ஆரம்பிக்காதே. வருகிற தேதியை முதலில் சொல்லு, அதற்குப் பிறகு கேள், அப்போதுதான் உண்மையைச் சொல்லுவார்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா
கிரேஸ் அப்பாத்துரை