விதைப்பு வாரத்தில் நீ ஆடிய ஆட்டம்

மச்சான்,

கூலாய் பசார் மாலாம் இரவுச் சந்தையில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. பெர்த்தில் படித்துவிட்டுத் திரும்பிய சீனப் பெண் ஒருத்தி உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டிப் பொரித்து, மேலே வினிகர் தெளித்து, காகிதத்தில் சுருட்டித் தருகிறாள். கிழங்குக்கு சில்லி சாஸ்தானே என்று நம் ஆட்கள் முகம் சுளித்து விலகிப் போகிறார்கள். நான் விலகவில்லை. சூட்டோடு எழும்பிய அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் நான் கூலாயிலேயே இல்லை. ஆஸ்திரேலியாவில், தகரக்கூரை போட்ட அந்த மண்டபத்தில், பலகைத் தரையில் சப்பாத்துகள் கீச்சுக் கீச்சென்று கத்த, கையில் கிழங்குப் பொட்டலத்தோடு நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாய் சும்மா இருக்குமா? வரிசையில் நின்ற இளைஞர்களிடம் ஆரம்பித்துவிட்டேன்.

"இந்த வாசனை அடிக்கிற இடத்துல என் கூட்டாளி ஆஸ்திரேலியாவோட பெரிய பாஸ்கெட்பால் டீமையே எதிர்த்து ஆடினவன் தம்பி. ஒரே ஆட்டத்துல முப்பது பாயிண்ட்!"

ஏதோ அமெரிக்க அணியின் பனியன் போட்டிருந்த ஒருவன் உடனே போனை எடுத்துத் தட்டினான். "அப்படி ஒரு மேட்ச் நடந்ததாவே இல்லையே அங்கிள்."

"அது போன் பொறக்கறதுக்கு முந்தி நடந்த மேட்ச் லா."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

பழக்கதோஷம், பின்னால் திரும்பினேன். நான் எதைச் சொன்னாலும் நீ தே தாரிக்கை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆமாலா, நானும் இருந்தேன்" என்பாய். அத்தோடு வழக்கு தீர்ந்துவிடும். அன்று பின்னால் ஆப்பம் பாலிக் சுடுகிறவர்தான் இருந்தார். என்ன வேண்டும் என்பதுபோல் கரண்டியை ஆட்டினார்.

அன்றிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு மேல், அதே வாரம் உன் மகள் கஸ்தூரி வந்தாள், உன் முதல் வருஷத் திதிக்கு அழைக்க. சிங்கப்பூர் வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் ஊர்ந்து வந்தவள். ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாமா, அன்னைக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசலாம்னு இருக்கேன்."

"நான் எழுதித் தரேம்மா. நான் ஆறாம் வகுப்போட நின்னவன்தான், ஆனா நான் எழுதினா மந்திரியே கேட்டு வாங்கிப் படிப்பான்."

"வேணாம் மாமா." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்பா அங்க நிஜமாவே ஆடினாரா?"

"இதை அவனையே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். 'மாமாவைக் கேளு'ன்னுட்டாரு."

"எத்தனை தடவை எல்லார் முன்னாடியும் ஆமான்னு சொல்லியிருக்கான்!"

"லாயாங் லாயாங் ஸ்டேஷன் தண்டவாளத்துல நீங்க புலியோட வாலைப் பிடிச்சு இழுத்ததுக்கும் ஆமான்னுதானே சொன்னாரு?"

அலமாக்! மச்சான், நீ எனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த ஆமாவெல்லாம் சேர்ந்து, கடைசியில் உன்னுடைய ஒரே உண்மையை அமுக்கிவிட்டது.

ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "அப்பான்னா எனக்கு ஸ்கூல் பஸ்ஸுதான் ஞாபகம் வருது மாமா. இருட்டோட போவாரு, வருவாரு, சாப்பிடுவாரு, படுத்துக்குவாரு. அதுக்கு மேல ஏதாவது ஒண்ணு அவருக்குன்னு இருந்திருந்தா எனக்கு நல்லா இருக்கும். ஆனா அவர் படத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்ல மாட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"இது நிஜம்மா" என்றேன். புலிவாலைப் பார்க்கிற கண்ணாலேயே என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து விவரமாகச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அந்த ஞாயிறு வருவதற்குள் நான் பட்ட பாடு! போர்ட்டிகோவுக்கும் கேட்டுக்கும் நடந்தேன். டீ ஆறிப் போனது, இன்னொன்று போடச் சொன்னேன், அதுவும் ஆறியது. "கால்ல சக்கரம் கட்டியிருக்கா? ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்று வீட்டில் சத்தம். என்னவென்று உட்காருவது? ஒரு போட்டோ கிடையாது. அந்த ஊர் ஆட்களில் எவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா, தெரியாது. பார்த்தவன் நான் ஒருவன். அந்த ஒருவனும் இத்தனை வருஷமாக அந்தக் கதைக்குச் சாயத்துக்கு மேல் சாயம் பூசி வைத்திருக்கிறேன். அடியில் சுவர் என்ன நிறத்தில் இருந்தது? சொல்ல நீ இல்லை. நடந்துகொண்டே ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டிப் பார்த்தேன்.

எஸ்டேட்டில் பிறந்த நாம் இரண்டு பேரும் பெர்த்துக்குத் தெற்கே, கோதுமையும் ஆடும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தச் சின்ன ஊரில் இறைச்சித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினோமே, அது நிஜம். குளிரில் விரல் விறைத்துப் போனதும் நிஜம். என் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியதும் நிஜம்தான், ஒரு தடவையாவது தட்டியிருப்பார்கள். நான் ஊருக்குக் கிளம்பிய நாளில் அந்த ஊர் மேயர் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். சரி, கண் கலங்கினார். சரி, அவர் மேயர் இல்லை, தபால்காரர். நீ முறைப்பது தெரிகிறது. ஒரு நாள் டீக்கடையிலிருந்து திரும்பும்போது என் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாயே, "இன்னும் கொஞ்சம் கம்மியா சொல்லுடா, நம்புவாங்க" என்று. எனக்குக் கம்மியாகச் சொல்ல வராது. உனக்கு வேறு எதுவும் சொல்லவே வராது. அதனால்தான் நம் கூட்டு அத்தனை வருஷம் ஓடியது.

அந்தக் காலத்து ஆஸ்திரேலிய ஆட்டத்தை இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? தொடை தெரியக் குட்டைக் கால்சட்டை, பெரிய மீசை. நாட்டின் பெரிய லீக்கில் ஆடுகிறவன் திங்கட்கிழமை காலையில் குழாய் ரிப்பேருக்குப் போவான். இன்னொருவன் பள்ளிக்கூட வாத்தியார். அமெரிக்காவிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து, அவர்களை யார் வீட்டு மாடியிலோ தங்கவைத்திருப்பார்கள். சீசன் தொடங்குமுன் ஒரு சின்ன பஸ்ஸில் ஏறி நாட்டுப்புற ஊர்களுக்கு வந்து, ஊர்க்காரர்களோடு ஓர் ஆட்டம் ஆடிக் காட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும். கேப்டனே நாற்காலிகளை அடுக்கி வைப்பான். அப்படி ஓர் அணி நம் ஊருக்கு வந்தது. அதுவும் நிஜம்.

நாம் ஜோகூருக்குத் திரும்பிய பிறகு, அங்கே நமக்கு வாடகைக்கு அறை விட்டிருந்த வீட்டுக்கார அம்மா வீடியோ டேப் அனுப்பிக்கொண்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு டேப்பிலும் மண்டபம் பெரிதாகிக்கொண்டே போனது. புகை விட்டார்கள், பாட்டுப் போட்டார்கள், மிருக வேஷம் கட்டிய ஒருவன் குட்டிக்கரணம் அடித்தான். ஆயிரக்கணக்கில் கூட்டம். கால்சட்டை முழங்காலைத் தாண்டி இறங்கியது. "கால்சட்டை நீண்டுபோச்சு, ஆட்டம் குட்டையாப் போச்சு" என்றாய். நீ இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசிய அபூர்வமான நாள் அது. பிறகு மேலே நாற்காலிகள் காலியாகத் தெரிய ஆரம்பித்தன. ஓர் அணி மூடியது, இன்னொன்று மூடியது. ஒரு வருஷம் டேப்பும் நின்றது. இப்போது அந்த லீக் மறுபடி பணமும் பளபளப்புமாக எழுந்து நிற்கிறதாம், போனில் பார்க்கலாமாம். இருக்கட்டும். குழாய் ரிப்பேர்க்காரன் அதில் ஆட மாட்டான்.

ஞாயிறு வந்தது. கஸ்தூரி டீ வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பத்தாயிரம் பேர் உட்கார்ற மண்டபம்..."

"மாமா."

"சரி, இருநூறு பேர். அதுல பாதி சின்னப் பிள்ளைங்க."

அதற்குப் பிறகு சொன்னதை உனக்கும் சொல்கிறேன். தப்பிருந்தால் கனவில் வந்து திருத்து.

அது விதைப்பு வாரம். ஊர் அணியில் ஆடுகிற விவசாயிகள் டிராக்டரை விட்டு வர மாட்டோம் என்றுவிட்டார்கள். பயிற்சியாளராக இருந்த ரொட்டிக்கடைக்காரர் தொழிற்சாலைக்கே வந்து, நம் வரிசையில் தலை தூக்கலாக நின்ற உன்னைப் பார்த்து, "பாஸ்கெட்பால் தெரியுமா?" என்றார். லாயாங் லாயாங் சீனப் பள்ளித் திடலில் வேலியேறிக் குதித்து, அந்தப் பையன்கள் உன்னைத் 'தியாங்', தூண் என்று கூப்பிடக் கூப்பிட ஆடி வளர்ந்தவன் நீ. "கொஞ்சம்" என்றாய். நான் இருந்திருந்தால் மலாயா சாம்பியன் என்றிருப்பேன். நான் அப்போது கழிவறையில் இருந்தேன்.

முதல் பாதி முழுக்க உன்னைப் பலகையிலேயே உட்காரவைத்திருந்தார்கள். பின்பாதியில் ஒருவனுக்குக் கால் பிசகியதும் உன்னை இறக்கினார்கள். உனக்கு எதிரே நின்றவன் அந்தக் குழாய் ரிப்பேர்க்காரன், கை ஒவ்வொன்றும் செம்பனை மரம். பந்து உன்னிடம் ஒரே ஒரு தடவை வந்தது, சுட்டதுபோல் அடுத்தவனிடம் தள்ளிவிட்டாய். அடுத்த முறை அவன் வளையத்தை நோக்கிப் பாய்ந்தான். நீயும், ஊர் அணியில் ஆடிய நம் தபால்காரரும் குறுக்கே போனீர்கள். மூன்று பேரும் மோதி, அவன் தடாலென்று விழுந்தான். விசில். நடுவர் தபால்காரரைக் கைகாட்டினார். அவருக்கு அது ஐந்தாவது தவறு, வெளியே போக வேண்டியதுதான். போவதற்குத் திரும்பியும்விட்டார்.

அப்போது நீ கையைத் தூக்கினாய்.

அந்தக் காலத்து வழக்கம் அது. தவறு செய்தவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், மேசையில் குறிக்கிறவர்கள் பார்ப்பதற்காக. இப்போது யாரும் தூக்குவதில்லை, நானா நானா என்று நடுவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். நீ ஒன்றும் பேசவில்லை. நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு, நடுவர் உன்னைப் பார்க்கிற வரைக்கும் நின்றாய். நடுவர் பார்த்தார். தபால்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். மண்டபமே கைதட்டியது. விழுந்துகிடந்தவன் எழுந்து உன் தலைமுடியைக் கலைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் உன்னை வெளியே எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். பொட்டலம் கட்டுகிற கறுப்பன் என்று இருந்த நம்மை அந்த ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். இவ்வளவு சின்னதாக ஒரு கதையை நான் யாருக்கும் பரிமாறியதில்லை. முப்பது பாயிண்ட் போட்ட கதையில் இந்தக் கைக்கு இடமே இருந்ததில்லை, முதல் தடவையாக இப்போதுதான் அதைச் சொல்கிறேன். கஸ்தூரிக்குக் கண் நிறைந்து நின்றது.

"கையைத் தூக்கினாரா?"

"தூக்கினான்."

"இப்படியா?" விரல்களைச் சேர்த்து, காதை ஒட்டி, நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"அப்படியேதான்."

"வீட்டுல ரசம் கொட்டிட்டா தூக்குவாரு மாமா. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறப்ப அம்மாவோட பூந்தொட்டியை இடிச்சுட்டு, ஸ்டியரிங்கை விட்டுட்டுத் தூக்குவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு, கை மட்டும். நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில கடைசியா தண்ணிக் கப்பைத் தட்டி விட்டுட்டாரு. பேச்சு போயிருச்சு. கையைத் தூக்கினாரு. ஏதோ வேணும்னு கூப்பிடறாரோன்னு நர்ஸ் ஓடி வந்தாங்க. ஒண்ணும் வேணாம், தப்பு அவரோடதுன்னு சொல்றாருன்னேன்."

நான் எழுந்து வாசலுக்குப் போய், அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போன வாரம் உன் திதி. உன் படத்துக்கு முன்னால் நின்று கஸ்தூரி இதையெல்லாம் நான் சொன்னபடியே சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை. எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். தெப்ராவ் பேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் உன் மைத்துனருக்கு என்னைக் கண்டாலே சிரிப்புதானே, அவர்தான் கடைசியில் கேட்டார்.

"அதெல்லாம் சரி. அன்னைக்கு எத்தனை பாயிண்ட் அடிச்சாரு?"

கஸ்தூரிக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் நாக்கு நுனியில் முப்பது வந்து நின்றது. அதைத் தள்ளினால் இருபது வந்தது. ஒரே ஒரு கூடை, ரெண்டே ரெண்டு பாயிண்ட், யாருக்கு என்ன நஷ்டம் என்று அது கெஞ்சியது.

"ஒண்ணும் அடிக்கல" என்றேன்.

மைத்துனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா ஒண்ணுமில்லன்னு சொல்றீங்க? அப்ப நடந்தது நடந்ததுதான்யா!" வீடே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்தாள், அழுதுகொண்டே.

மச்சான், என் ஆயுசில் நான் சொன்னதிலேயே சின்ன எண் அதுதான். மற்றக் கதைகளையெல்லாம் எந்தக் கடையிலும் இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன், மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வருவேன். இதை எங்கும் இறக்க முடியவில்லை. ஊதவும் பயம், ஓட்டை விழுந்துவிடும். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு கால் வீட்டுக்கு இழுக்கிறது, யாராவது கேட்கமாட்டார்களா என்று இன்னொரு கால் தெருவுக்கு இழுக்கிறது. ஒரு பாயிண்ட்கூட இல்லாத உன் ஆட்டத்தை, விளிம்புவரை தண்ணீர் மொண்ட சொம்பைப்போல் ஏந்திக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறேன். என் கை ஒரு இடத்தில் நிற்காத கை என்று உனக்குத் தெரியும். இதுவரை சிந்தவில்லை.