முள்ளையே பார்த்துக்கொண்டு பறந்த அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை விமானத்தின் இயந்திர மூடியைத் திறந்ததும் சுட்ட எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. உங்களுக்குப் பிடிக்காத வாசனை. "அடுப்புல செருப்பு வுழுந்த மாதிரி இருக்கு" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். உள்ளே தகடுகளின் விளிம்பில் நீங்கள் தைத்த ரப்பர்த் துணி அப்படியே நிற்கிறது. சிவப்பு நூல் கறுத்துப்போயிருக்கிறது, ஆனால் ஒரு தையல்கூட விடவில்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் மற்றதை எழுத எனக்குப் பொறுமை இருக்காது.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அதற்குப் பிறகு உங்களோடு பேச நினைத்தபோதெல்லாம் அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. இன்றுதான் சிரித்துக்கொண்டே பேச ஒரு சங்கதி கிடைத்திருக்கிறது.

தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு நான் மலைக்குக் கீழே புத்தளைக்குப் போனபோது வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நம் தோட்டத்தில் முன்பு மேனேஜராக, துரையாக இருந்தவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய ஏரோப்பிளேனை வாங்கி, கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் புல்தரை ஓடுபாதை போட்டு வைத்திருந்தார். நம் அப்பா காலத்து இயந்திரம், துணி போர்த்திய இறக்கை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை. பைத்தியக்கார வேலை என்றார் அண்ணன். நீங்கள் மட்டும் ரொட்டி தட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அதுல மேல போனா நம்ம லயம் தெரியுமா, தம்பி?"

நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை மேலிருந்து பார்க்க உங்களுக்கு ஆசை என்று துரையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. நம் தோட்டம் இருக்கும் நமுனுகுல மலையை விமானம் சூடாகாமல் ஏறிக் காட்ட வேண்டும். அதுவரை வேறு யாரையும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

சூடுதான் அதன் நோய். லொறிக்கு இருப்பதுபோல இதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு வாய் வழியாக வரும் காற்றுதான் நான்கு சிலிண்டரையும் ஆற்ற வேண்டும். சிலிண்டரைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இதழ்கள் இருக்கும். சுற்றியுள்ள தகடுகள் தடுத்துத் திருப்ப, காற்று மேலிருந்து அந்த இடுக்குகளில் நுழைந்து கீழே இறங்கி வெளியே போக வேண்டும். சமவெளியில் பறக்கும்வரை எல்லாம் சரி. மலை ஏற மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், காற்றும் குறையும், இயந்திரமோ முழு மூச்சில் உழைக்கும். அப்போது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர ஆரம்பிக்கும். இரண்டு தடவை துரை பாதி மலையில் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை இறங்கியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் விமானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஹோட்டல்காரனுக்கே கொடுத்துவிடுவேன், அவன் அதை முன் மண்டபத்தில் கட்டித் தொங்கவிடட்டும் என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் வேலை போவது ஒரு பக்கம். உங்களுக்குக் கொடுத்த வாக்கு போவதுதான் அதிகமாகச் சுட்டது.

நான் வெயிலைக் குறை சொன்னேன், பெட்ரோலைக் குறை சொன்னேன், இயந்திரத்தின் வயதைக் குறை சொன்னேன். இரண்டு ஞாயிறு வீட்டுக்கும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, பதுளையில் பஸ் ஏறி நீங்களே வந்து நின்றீர்கள்.

நான் சாப்பிடும்போது நீங்கள் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பச்சைக் கொழுந்தை வாட்டும் மாடியில் வருடக்கணக்காக வேலை பார்த்த கண் அது. நீளத் தொட்டியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விடுவதுதான் அங்கே வேலை. ஓரிடத்தில் கொழுந்து மெல்லிசாகக் கிடந்தால் காற்று முழுவதும் அந்த வழியாக ஓடிவிடும், மற்ற இடமெல்லாம் ஈரமாகவே கிடக்கும். தகடுகளின் விளிம்பில் நான் புதிதாக வைத்திருந்த ரப்பர்த் துணியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டீர்கள். தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் காற்று ஒழுகாமல் இருக்க என்றேன்.

"அப்ப ஏன் தம்பி வெளிய பாத்து மடிச்சிருக்கீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. இது கொழுந்துத் தொட்டி இல்லை, ஏரோப்பிளேன் என்று சிடுசிடுத்தேன். நீங்கள் கோபப்படவே இல்லை. இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து, தண்ணீரில் குழைத்து, அந்தத் துணியின் விளிம்பு முழுவதும் கோலம் இழுப்பது போலப் பூசினீர்கள். துரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டச் சொன்னீர்கள். ஓட்டிவிட்டுத் திறந்தோம். துணி மூடியோடு ஒட்டி நின்றிருந்தால் மூடியின் உள்பக்கம் முழுவதும் வெள்ளைக் கோடு விழுந்திருக்க வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் விழுந்திருந்தது. பின்பக்கத்தில் ஒரு முழம் நீளத்துக்கு ஒரு பொட்டுகூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலையில் விசிறியும் தொட்டியும் சேரும் இடத்தில் படங்குத் துணியை வெளிப்பக்கமாக மடித்து, மேலே மரச்சட்டம் வைத்து ஆணி அடிப்போம். இருபது வருடம் அடித்த கை அது, இங்கேயும் அப்படியே மடித்துவிட்டது. இங்கே சட்டமும் இல்லை, ஆணியும் இல்லை. உள்ளே வந்த காற்று துணியைத் தள்ளித் திறந்துகொண்டு, சிலிண்டர் பக்கமே போகாமல் சுளுவாக ஓடியிருக்கிறது. உள்பக்கமாக மடித்திருந்தால் அதே காற்றே துணியை மூடியோடு அழுத்திப் பிடித்திருக்கும். தொட்டிக் கடைசியில் தொங்கும் படங்கை நீங்கள் தினமும் அப்படித்தானே உள்ளே சொருகுவீர்கள். பழைய இயந்திரத்தின் மீது நான் போட்ட பழியெல்லாம் என் கை செய்த பிழை. வெட்கத்தோடு அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு, துணியை வெட்டக் கத்தரி கேட்டீர்கள்.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் பிரித்து, இரண்டு மடிப்பாகச் சேர்த்துத் தைத்தீர்கள். கையில் இருந்தது சிவப்பு நூல்தான். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து சான்று கொடுக்கும் இன்ஜினியர் வந்தார். ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்தார், துணியைத் தகட்டோடு சேர்த்து முறையாக ரிவெட் வைத்துத் தறையச் சொன்னார், பிறகு கையெழுத்துப் போட்டார். துரை தனியாக மலை ஏறினார். நான் ஓடுபாதையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் இறங்கி என்னிடம் வந்தார். இரண்டு விரலை நன்றாக அகட்டி, சிவப்புக் கோட்டுக்கு முள் எவ்வளவு தள்ளி நின்றது என்று காட்டினார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். துரையை, அண்ணி, நான் கட்டிப்பிடித்தேன்!

பிறகு உங்கள் நாள் வந்தது. மேலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்று உங்களுடைய மஞ்சள் சேலையை லயத்துக் கூரையில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டு வந்திருந்தீர்கள். பெல்ட்டை நான்தான் போட்டுவிட்டேன். உங்கள் கை பனியில் நனைந்தது போலச் சில்லென்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தீர்கள். தலைமுடி பரட்டையாக, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தீர்கள். லயம் தெரிந்ததா என்று கேட்டேன். 

"லயத்த எங்க பாத்தேன்? தொரை தோளுக்கு மேல அந்த முள்ளத்தான பாத்துக்கிட்டே இருந்தேன். என் தையலு தம்பி, அது விட்டுச்சுன்னா?"

நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அதற்குப் பிறகு கொழுந்து நிறைய வரும் மாதங்கள், வேலை விட்டு வர முடியவில்லை. அதற்கும் பிறகு பதுளை ஆஸ்பத்திரி. அந்த அடுத்த தடவை வரவே இல்லை. நான் வற்புறுத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இன்னமும் என்மீது எனக்குக் கோபம் இருக்கிறது.

சரி, இப்போது சொல்கிறேன். இத்தனை காலம் நான் அதில் ஏறியதே இல்லை. ஃபிட்டருக்குத் தரைதான் இடம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பின் இருக்கை உங்களுக்குப் பாக்கி இருக்கிறது என்று எனக்குள் ஓர் எண்ணம். நேற்று அண்ணன் போன் செய்தார். "நாளைக்கு நீ போய்ப் பாத்துட்டு வாடா. நான் சேலைய விரிச்சு வைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

இன்று காலை ஏறினேன். கரும்பு கீழே போனது, ஆறு கீழே போனது, காது அடைத்தது, மலை நேர் எதிரே வந்து நின்றது. துரை மூக்கைத் தூக்கினார். தேயிலை பச்சைப் பச்சையாக வரிசை பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. முதலில் தொழிற்சாலையின் தகரக் கூரை, பிறகு காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், கோயில், தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேலே நம் லயம், அண்ணி, தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியது மாதிரி. மூன்றாவது கூரையில் மஞ்சளாக உங்கள் சேலை. பக்கத்தில் அண்ணன் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

லயம் தெரிகிறது, அண்ணி. நன்றாகவே தெரிகிறது. துரை இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் முள்ளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.