எதிர்வீட்டுக் கதவு

செவ்வாய், இரவு.

போன வாரம் காலையில் எதிர்வீட்டு ரோசா ஆன்ட்டியின் கதவைப் போலீஸ் உடைத்து நுழைந்தது. தட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. மகள் மித்ராவுக்குத் தோசை வார்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆன்ட்டிக்கு வேறு சாட்சி இல்லை.

போலீஸ் இப்படி நுழையும் வீடுகளைக் கணக்கெடுக்கும் நகராட்சிப் பெண் இன்று வந்து கேட்டாள், தட்டினார்களா என்று. இன்னும் கைக்கு வராத எங்கள் கிரீன் கார்டு நினைவு வந்தது. தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"நோ அம்மா, யூ வேர் மேக்கிங் தோசை!" என்றாள் மித்ரா.

குழந்தை ஏதோ உளறுகிறாள் என்று அந்தப் பெண்ணிடம் சிரித்தேன்.

படுக்கும்போது மித்ரா கேட்டாள்: "அம்மா, டிட் ஐ லை?"

"நீ பொய் சொல்லலடா கண்ணு."

அப்போ யாரு என்று அவள் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள்.