பொம்மர் அல்ல, பயணிகள் விமானம்: வட்டக்கச்சிப் பட்டம் ஒன்றை மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
பொன்னையா செல்வநாயகம்,
வாய்க்கால் வீதி,
வட்டக்கச்சி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கிளிநொச்சி.

விடயம்: நான் கட்டிய விமானப் பட்டத்தைப் குண்டு போடும் பொம்மர் எனப் பிழையாகத் தீர்மானித்து, அதைப் பிரித்தெறிய எமது வாசிகசாலைத் தலைவர் எடுத்துள்ள முடிவைத் தடுத்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் கொழும்பில் ஒரு பிரயாண முகவர் நிலையத்தில் பதினொரு ஆண்டுகள் விமானப் பயணச்சீட்டு எழுதியவன். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தோடு அங்கிருந்து வந்து, இப்போது நெல் விதைக்கிறேன். எத்தனையோ பேரை ஏற்றிவிட்ட நான் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. “உமக்குப் பிளேனைப் பற்றி என்ன தெரியும் காணும்?” என்று வாசிகசாலைத் தலைவர் திரு. ஏரம்பு சபையில் கேட்டபடியால் சொல்லவேண்டி வந்தது.

2. பட்டத்துக்கு நான் எடுத்த மாதிரி, பிரித்தானியத் தயாரிப்பான பி.ஏ.ஈ. 146 என்னும் சிறிய ஜெற் விமானம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும்; அதன் கீழே நான்கு இயந்திரங்கள் தொங்கும். அது பயணிகளை ஏற்றத் தொடங்கியதும் நான் கொழும்பை விட்டு வந்ததும் ஒரே ஆண்டில். சீனாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விமான நிறுவனங்கள் அதை ஓட்டுகின்றன. பூட்டான் நாட்டு நிறுவனம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் அதைக் கொண்டுபோய் இறக்குகிறது. சத்தம் குறைந்த ஜெற் என்பதே அதன் பெரிய பெயர். லண்டனில் இருக்கும் என் தங்கை கமலாசனி அதில் ஏறிவிட்டு எழுதினாள்: “அண்ணை, இன்னும் ஸ்ராட் பண்ணேல்லையோ எண்டு பக்கத்து மனிசியைக் கேட்டனான். அவா யன்னலைக் காட்டினா. கீழ முகில் போகுது!” ஆசனப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையையும் கூடவே அனுப்பியிருந்தாள். அதை எடுத்து வந்தது முறையல்ல. ஆயினும் அந்த அட்டைப் படத்தைப் பார்த்தே பட்டத்தைக் கட்டினேன்.

3. மூங்கிலைச் சீவி, மகள் யதுர்ஷிகாவின் பழைய பள்ளிக் கொப்பித் தாள்களை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் கட்டினேன். வாலில் ‘வன்னி எயார்’ என்று எழுதினேன். அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் யன்னல்கள் வைத்து, யன்னலுக்கு ஒருவராக எங்கள் ஊரவரின் முகங்களை வரைந்தேன். பொம்மருக்கு யாராவது யன்னல் வைத்து ஆட்களை இருத்துவார்களா என்பதைத் தாங்களே சிந்திக்கவும்.

4. போட்டி பொங்கலுக்கு மறுநாள் பாடசாலை மைதானத்தில் நடந்தது. எல்லாப் பட்டத்திலும் விண் கட்டியிருக்க வேண்டும் என்பது போட்டி விதி. காற்றில் அதிர்ந்து கூவும் அந்த நார்ப்பட்டி இந்த விமானத்துக்குப் பொருந்தாது என்று நான் முன்கூட்டியே சொன்னேன். “விண் இல்லாட்டி அது பட்டமே இல்லை” என்றார் நடுவராக இருந்த திரு. ஏரம்பு. சரியென்று கட்டினேன். பெரிய பட்டம் என்பதால் பெரிய விண்.

5. வாடைக்காற்று நன்றாக இருந்தது. பட்டம் வேப்பமரங்களுக்கு மேலே எழும்பிக் கூவத் தொடங்கியதும் “பொம்மர்! ஓடுங்கோ!” என்று ஒரு குரல் கேட்டது. அது நடுவருடைய குரல். சண்டை ஓய்ந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. சனத்தின் கால்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு நிமிடத்தில் மைதானம் வெறுமையானது. நடுவர், பரிசாக வைத்திருந்த அரிக்கன் லாம்பைக் கைவிடாமலே மைதான ஓரத்துப் பங்கர்க் குழிக்குள் குதித்தார். நான் ஓடவில்லை. துணிச்சலால் அல்ல, நூலை விட்டால் விமானம் விழுந்துவிடும்.

6. என் மனைவி நேசமலர்தான் முதலில் தலையை நீட்டி, “வெளியில வாங்கோ, இது எங்கட மனிசன்ர வேலை!” என்று கத்தினார். பங்கர்களுக்குள் எழுந்த சிரிப்பு வெளியே வர அதிக நேரம் எடுக்கவில்லை. இருந்தும் பரிசு எட்டுமூலைப் பட்டம் விட்ட செல்வராசாவுக்குப் போனது. அவர் நடுவரின் மருமகன். பங்கருக்குள் இருந்துகொண்டு வானத்தில் நிற்கும் பட்டத்துக்குப் புள்ளி போட முடியாது என்பது என் தாழ்மையான கருத்து. எண்பத்தொன்பதில் இதே திரு. ஏரம்பு என் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியதை இம்மனுவில் சேர்க்கவில்லை. தங்கள் தகவலுக்கு மட்டும்.

7. பட்டம் இப்போது திரு. ஏரம்புவின் உத்தரவில் வாசிகசாலைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. எதிர்வரும் மாசி முதலாம் ஞாயிறு அதைப் பிரித்துவிடுவதாகத் தீர்மானம். “சனம் இந்தச் சத்தத்துக்குப் பழகிப்போனா, உண்மையானது வரேக்க ஓடாதுகள்” என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஐயா, இந்த ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே விண்ணைக் கழற்றிவிடுகிறேன். அந்த விமானத்தின் இயல்பும் அதுவே. சத்தமில்லாமல் பறப்பதைக் கண்டு ஒருவரும் ஓடமாட்டார்கள்.

8. போட்டியன்று பட்டத்தை மெல்லக் கீழே இறக்கும்போது யன்னல்கள் தெரிந்தன. “அங்க நான்! மூண்டாவது யன்னல்!” என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பங்கர் மண் ஒட்டிய கைகளோடு பெரியவர்களும் அண்ணாந்து நின்று கையசைத்தார்கள். எங்கள் ஊர் ஒரு விமானத்துக்குக் கையசைத்ததை அன்றுதான் கண்டேன்.

9. திரு. ஏரம்புவின் முகமும் அதில் இருக்கிறது. மீசை நன்றாக வந்திருக்கிறது. வாலுக்குக் கிட்ட, கழிப்பறைக்குப் பக்கத்து ஆசனம். அது நல்ல ஆசனம் அல்ல என்பது பயணச்சீட்டு எழுதிய எனக்குத் தெரியும். எனினும் ஏற்றியிருக்கிறேன். பட்டத்தைக் கிழிப்பவர்கள் அவரையும் சேர்த்தே கிழிக்கவேண்டிவரும் என்பதைத் தாங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆகவே, லாம்பு அவர்களிடமே இருக்கட்டும். அது பயணிகள் விமானம்தான் என்று தங்கள் கைப்பட இரண்டு வரி எழுதி, வாடைக்காற்று நிற்பதற்குள் பட்டத்தை என்னிடம் தரும்படி உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்கள் சனம் இன்னொரு முறை கையசைக்க வேண்டும்.

தங்கள் பதிலுக்கு நூலோடு காத்திருக்கும்,
பொ. செல்வநாயகம்
(ஒப்பம்)

இடம்: வட்டக்கச்சி
திகதி: 27.01.1995